ஏற்காட்டில் ஒரு முட்டிவலியின் விலை

கோடை விழா சமயத்தில் ஏற்காட்டுக்கு வந்தவர்கள் இதைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சாலையோரக் கடைகளில் பலாச்சுளைக்கும் மிளகுப் பொட்டலத்துக்கும் நடுவே ஒரு கிழங்கை அடுக்கி வைத்திருப்பார்கள். மேலெல்லாம் பழுப்பு ரோமம் மூடி, பார்த்த மாத்திரத்தில் ஆட்டுக்கால் என்றே தோன்றும். அதுதான் முடவாட்டுக்கால் கிழங்கு. பாறையிலும் மரத்திலும் பற்றிப் படரும் பெரணி ஒன்றின் தண்டு அது. ரோமத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு சூப் வைத்துக் குடித்தால் மூட்டுவலி போகும் என்று சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் காலங்காலமாகச் சொல்வார்கள். சுற்றுலா வருகிறவர்கள் ஒரு டம்ளர் சூப் குடித்துவிட்டு, வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு என்று அரை கிலோ வாங்கிக்கொண்டும் போகிறார்கள்.

கிழங்கு கேட்குமா கேட்காதா என்று நான் இங்கே பேச வரவில்லை. அதை விற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அக்கா எழுந்திருக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையைத் தொடையில் அழுத்தி, இரண்டு தவணையாகத்தான் எழுந்திருப்பார். "முட்டி எப்படிங்கக்கா இருக்குது?" என்று கேட்டால், "அது பாட்டுக்கு இருக்குதுங்க. அதுக்காக வேலைய உட முடியுங்களா?" என்பார். மலையில் யாரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே பதில்தான். முட்டி, இடுப்பு, தோள்பட்டை, கணுக்கால் என்று இடம்தான் மாறும்.

இந்தப் பதிவு அந்த வலியின் செலவைப் பற்றியது. அந்தச் செலவை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றியது. எஸ்டேட் கணக்கிலும் அது ஏறுவதில்லை, அரசாங்கக் கணக்கிலும் ஏறுவதில்லை. எங்கும் எழுதாத செலவு என்பதால், கொடுக்க வசதியே இல்லாத வீடுதான் அதைக் கடைசிப் பைசா வரை கொடுத்துத் தீர்க்கிறது. இதை உரக்கப் பேசினால்தான் வழி பிறக்கும் என்று நம்புகிறேன்.

மலையும் வேலையும்

சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்து சுமார் இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சில்வர் ஓக் நிழல், அதன் மேல் ஏறிய மிளகுக்கொடி, அடியில் அராபிகா காப்பி. ஏற்காடு ஒன்றியத்தில் 67 மலைக்கிராமங்கள். நாகலூர், வெள்ளக்கடை, செம்மநத்தம், மாரமங்கலம், தலைச்சோலை என்று எந்தப் பக்கம் போனாலும் ஊர் சரிவில்தான் இருக்கும், தோட்டமும் சரிவில்தான் இருக்கும். இங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். அவர்களில் பலருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் காடு இருக்கும். அது போதாத மாதங்களில் எஸ்டேட் கூலி.

பறிப்புக் காலத்தில் ஒரு முறை தோட்டத்துக்குள் நின்று பாருங்கள். இடுப்பில் பை கட்டியிருக்கும். இடதுகை உயரக் கிளையை வளைத்துப் பிடித்து முழங்கைக்குள் மடக்கிக்கொள்ளும், வலதுகை பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்கும். நிற்கிற இடம் சரிவு. அதனால் மேட்டுப்பக்கத்துக் கால் எப்போதும் மடங்கியிருக்கும், பள்ளத்துப்பக்கத்துக் கால் நீண்டு விறைத்திருக்கும். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். பை நிறைய நிறைய அந்தச் சாய்வு கூடும். அடுத்த செடிக்கு நகர்ந்தாலும் நிலை மாறுவதில்லை. கீழே சிதறிய பழத்தைக் குனிந்து பொறுக்க வேண்டும். சாயங்காலம் எல்லாவற்றையும் மூட்டையில் கொட்டித் தலையிலோ தோளிலோ ஏற்றி, எடை போடுகிற இடம் வரை சுமந்து இறங்க வேண்டும்.

பறிப்பு முடிந்தால் வேலை முடிந்ததா என்றால் இல்லை. மிளகுக்கு ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, கால்விரலால் கணுவைப் பற்றிக்கொண்டு நிற்க வேண்டும். அப்புறம் கவ்வாத்து, களைவெட்டு, குழிவெட்டு, எருச்சுமை. வீட்டுக்கு வந்தால் தண்ணீர்க்குடமும் விறகுக்கட்டும் காத்திருக்கும். ஆணுக்குச் சாயங்காலம் வேலை முடியும். பெண்ணுக்கு அது இரண்டாவது ஷிப்ட் தொடங்குகிற நேரம்.

முட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுக் கருவியைப் பொருத்தி, நடக்கும்போது எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். சமதரையில் சாதாரணமாக நடந்தாலே உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் முழங்காலில் இறங்குகிறது. படி இறங்கும்போது மூன்று மடங்கைத் தாண்டுகிறது. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண் 30 கிலோ மூட்டையோடு சரிவில் இறங்குகிறார் என்று வையுங்கள். மொத்தம் 80 கிலோ. மூன்றால் பெருக்கினால், ஒவ்வொரு அடிக்கும் ஒரு முட்டியில் சுமார் 240 கிலோ. தோராயக் கணக்குத்தான். ஆனாலும் அந்த முட்டி ஏன் ஐம்பது வயதுக்குள் தேய்கிறது என்று புரிய இது போதும்.

தூக்கும் பாரத்துக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு அளவு சொல்கிறது. வழுக்காத சமதரை, நல்ல பிடிமானம், உடம்போடு ஒட்டி இரண்டு கையாலும் தூக்குகிற வசதி எல்லாம் இருந்தால்தான் 23 கிலோ. ஒரு வசதி குறைந்தாலும் அந்த அளவும் குறைய வேண்டும். மழை பெய்து வழுக்குகிற காப்பிக் காட்டில் அந்த வசதிகளில் எது இருக்கிறது?

முதல் செலவு: போன நாட்கள்

வலியால் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. காய்ச்சல் என்றால் தேதி ஞாபகம் இருக்கும். முட்டிவலிக்குத் தேதி ஏது? "முடியாத அன்னிக்கு இருந்துக்குவேன்" என்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 319 ரூபாய். எஸ்டேட் கூலி இடத்துக்கு இடம் மாறும் என்பதால் இதையே அளவாக வைத்துக்கொள்கிறேன். மாதத்தில் நான்கு நாள் வலியால் போய்விட்டது என்று வைத்தால் 1,276 ரூபாய். தமிழ்நாடு அரசு தருகிற முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். ஒரு முட்டிவலி மாதாமாதம் ஒரு முதியோர் உதவித்தொகைக்கும் மேலே சாப்பிடுகிறது. வருஷத்துக்கு 48 நாள், 15,312 ரூபாய். ஒரு ஊரில் நூறு பேருக்கு இப்படி என்றால் வருஷம் 15 லட்சத்து 31 ஆயிரத்து 200 ரூபாய். அந்த ஊர் மளிகைக் கடைக்கும், மகளிர் குழுவின் சேமிப்புக்கும், பிள்ளைகளின் காலேஜ் பீஸுக்கும் போயிருக்க வேண்டிய பணம் அது.

இது வேலைக்கே போகாத நாளின் கணக்கு மட்டும். இதைவிடப் பெரியது, வேலைக்குப் போயும் கை ஓடாத நாட்களின் கணக்கு. பறிப்பு கிலோ கணக்கில் கூலி என்றால், வலியோடு போகிற பெண் நாள் முழுக்க நிற்பார், பை பாதிதான் நிறையும். நூறு நாள் வேலையிலும் வெட்டிய மண்ணை அளந்துதான் கூலி. குனிய முடியாதவரின் அளவு குறையும், அவரோடு குழுவாக வேலை செய்கிறவர்களின் கூலியும் சேர்ந்து குறையும். அப்புறம் குழுவில் முணுமுணுப்பு வரும். "நீ நாளைக்கு வராத, வூட்டுல இரு" என்று யாராவது சொல்லிவிட்டால், அந்த வார்த்தை முட்டியைவிட அதிகமாக வலிக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். கூலி அதிகம் கிடைக்கிற பறிப்புக் காலம் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வருகிறது. பனியும் குளிரும் மலையை மூடுகிற மாதங்களும் அவையே. காலையில் மூட்டு விறைத்துக்கொண்டு மடங்க மறுக்கும் நேரம் அது. வருஷத்தில் நாலு காசு சேர்க்கிற வாரங்களும் வலி உச்சத்துக்குப் போகிற வாரங்களும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

இரண்டாம் செலவு: மருந்து, ஊசி, பஸ்

வலிக்கு முதல் வைத்தியம் வீட்டில் நடக்கும். நொச்சித்தழை போட்டு வெந்நீர் ஒத்தடம், விளக்கெண்ணெய் தேய்ப்பு, முடக்கத்தான் தோசை. இதில் காசும் பெரிதாகப் போகாது, கெடுதலும் இல்லை. ஒத்தடம் கொஞ்சம் சுகமும் தரும்.

அடுத்த கட்டம்தான் ஆபத்து. கடைக்குப் போய் "உடம்புவலிக்கு ஒரு செட்" என்று கேட்டால், பொட்டலத்தில் இரண்டு மூன்று மாத்திரை மடித்துத் தருவார்கள். என்ன மாத்திரை என்று பேர் இருக்காது. போட்டதும் வலி நிற்கும், அன்றைக்கு வேலை ஓடும். மறுநாள் இன்னொரு செட். இப்படி மாதக்கணக்கில் வலிமாத்திரையை விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம், ரத்த அழுத்தம் ஏறலாம். அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இன்னும் மோசம். முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பே மெலிந்துபோகும். முட்டிவலிக்குப் பத்து இருபது ரூபாயில் தொடங்கிய வைத்தியம், டயாலிசிஸ் செலவில் போய் நிற்கக்கூடும். அந்தக் குடும்பம் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பார்ப்பதே இல்லை.

மூன்றாவது கட்டம், கீழே இறங்குவது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு டாக்டரைப் பார்க்கக் காசில்லை, எக்ஸ்ரேவுக்கும் பெரிய செலவில்லை. ஆனால் உள்கிராமத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்கு இன்னொரு பஸ். முட்டி மடங்காதவர் தனியாகப் போக முடியாது. துணைக்கு ஒருவர் வேண்டும், இரண்டு பேர் கூலி போகும். பஸ் காசு, சாப்பாடு, சாயங்கால பஸ்ஸைத் தவறவிட்டால் ஆட்டோ. எல்லாம் சேர்ந்து அந்த இலவச வைத்தியத்துக்கு ஒரு விலை வந்துவிடுகிறது. பத்து நாள் மாத்திரையோடு "அடுத்த மாசம் வாங்க" என்று அனுப்பினால், அடுத்த மாதம் வருவது யார்? கடைக்காரரிடம் செட் மாத்திரை இருக்கிறதே!

கொஞ்சம் கையில் காசிருந்தால் புத்தூர் கட்டு, எண்ணெய்க் கட்டு, தனியார் ஸ்கேன் என்று போகும். "ஜவ்வு தேஞ்சிருக்குது", "டிஸ்க் விலகியிருக்குது" என்று ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டு வருவார்கள். அந்த வார்த்தையே பலருக்குத் தீர்ப்பாகிவிடுகிறது. இனி எதுவும் செய்ய முடியாது என்று முடிவு கட்டி, இருக்கிற நடையையும் குறைத்துக்கொள்வார்கள். நடை குறைந்தால் தொடைத் தசை மெலியும். தசை மெலிந்தால் முட்டிக்கு ஆதரவு போகும், வலி கூடும்.

மூன்றாம் செலவு: அடுத்தவர் நேரம்

இது கண்ணுக்கே தெரியாத செலவு. பாட்டிக்கு இடுப்பு போய்விட்டால், பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லை. மருமகள் வேலைக்குப் போவது நிற்கும். தண்ணீர் எடுப்பதும் மாட்டுக்குத் தழை அறுப்பதும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையின் தலையில் விழும். பள்ளிக்கூடத்துக்கு வாரத்தில் ஒரு நாள், அப்புறம் இரண்டு நாள் லீவு. ஒரு வயதான பெண்ணின் முட்டிவலி அந்த வீட்டின் மூன்று தலைமுறைப் பெண்களின் நேரத்தைத் தின்கிறது.

சொந்தக் காடு வைத்திருப்பவர் கதை இன்னொரு மாதிரி. தானே குனிய முடியாதபோது ஆள் வைத்துக் களை வெட்ட வேண்டும். ஆள்கூலி கொடுத்தால் காப்பி விலையில் மிச்சம் நிற்காது. களை வெட்டாமல் விட்டால் செடி போகும். கடைசியில் காட்டைக் குத்தகைக்கு விடுவார், அல்லது விற்பார். ரிசார்ட் கட்ட இடம் தேடி வருகிறவர்களுக்கு ஏற்காட்டில் என்றும் குறைவில்லை. நிலம் ஏன் கைமாறியது என்று கேட்டால் கடன், கல்யாணம் என்று காரணம் சொல்வார்கள். "அப்பாவுக்கு இடுப்பு முடியல" என்பதும் அதில் ஒரு காரணமாக இருக்கும், அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

ஏன் கண்ணில் படவில்லை?

உலகம் முழுக்க சுமார் 171 கோடிப் பேர் எலும்பு, மூட்டு, தசை சார்ந்த கோளாறுகளோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இடுப்புவலி மட்டும் 2020-இல் 61.9 கோடிப் பேருக்கு இருந்தது, 2050-இல் அது 84 கோடியைத் தாண்டும் என்று கணித்திருக்கிறார்கள். மனிதர்களை வேலை செய்ய விடாமல் முடக்குகிற காரணங்களில் இடுப்புவலிதான் முதலிடம். இந்தியாவில் 1996-இல் புனே அருகே பிக்வான் கிராமத்தில் டாக்டர் அரவிந்த் சோப்ராவின் குழு, உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு வீடு வீடாகப் போய்க் கேட்டது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களில் ஏறத்தாழ 18 சதவீதம் பேர் மூட்டு அல்லது தசை வலி இருப்பதாகச் சொன்னார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணாமல், வாசலில் உட்கார்ந்திருந்தவர்களையும் எண்ணியதுதான் அந்த ஆய்வின் பெருமை.

இவ்வளவு பெரிய விஷயம் ஏன் கண்ணில் படவில்லை? இந்த வலி உயிரை எடுப்பதில்லை. இறப்புப் பதிவேட்டில் முட்டிவலிக்கு ஒரு வரி வராது. அதோடு, ஒவ்வொருவரும் அவரவர் வயதில், அவரவர் வீட்டில், தனித்தனியாக முடங்குகிறார்கள்.

எல்லோரும் ஒரே மாதத்தில் முடங்கினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2006-இல் பார்த்தது. சிக்குன்குனியா வந்த வருஷம். நாடு முழுக்க 13 லட்சத்துக்கும் அதிகமானோர் அந்த நோய் கண்டதாகச் சந்தேகத்தின் பேரில் பதிவானார்கள். காய்ச்சல் சில நாளில் போனது, மூட்டுவலி பலருக்கு மாதக்கணக்கில் நின்றது. வயலுக்கு ஆள் இல்லை, அடுப்புப் பற்றவைக்கக் கை மடங்கவில்லை. அப்போது ஊர் ஊராகக் கொசு ஒழிப்பும் மருத்துவ முகாமும் நடந்தன. மூட்டுவலி ஒரு ஊரின் பொருளாதாரத்தை என்ன செய்யும் என்று அந்த வருஷம் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னும் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. சேர்வராயன் மலையின் வடக்குப் பக்கம் இறங்கினால் தருமபுரி மாவட்டம். அங்கே நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல்லில் கறை படிந்தது, பலருக்கு முதுகும் மூட்டும் இறுகிக் குனியவே முடியாமல் போனது. ஒருவர் இருவருக்கு என்றால் விதி என்று விட்டிருப்பார்கள். ஊர் ஊராக எண்ணிப் பார்த்த பிறகுதான் அது விதி இல்லை, தண்ணீர் என்று தெரிந்தது. ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், புளோரைடு பாதிப்பு தணிப்புத் திட்டம் வந்தது. 2013-இல் காவிரித் தண்ணீர் தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களுக்குப் போனது. எலும்பையும் மூட்டையும் காப்பாற்ற அரசாங்கம் 1,900 கோடி செலவழிக்க முடிந்தது என்றால், அந்த நோயை எண்ணினார்கள், காரணத்துக்கும் ஒரு பெயர் வைத்தார்கள் என்பதுதான் அடிப்படை. மேலே மலையில் காரணம் தண்ணீர் இல்லை, வேலை. அதையும் அப்படி எண்ணிப் பெயர் வைக்கலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதி, நோய்க்கால உதவித்தொகை, குடியிருப்பு எல்லாம் பேசியது. ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறையாமல், 15 தொழிலாளர்களாவது இருந்தால்தான் அது பொருந்தியது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்த 5 ஹெக்டேர் வரம்பு நிற்கிறது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் காப்பிக்காட்டில் கூலிக்குப் போகிறவரும், தன் காட்டில் தானே குனிகிறவரும் எப்போதும் வரம்புக்கு வெளியேதான்.

தொழிலால் வந்த நோய் என்று நிரூபித்து இழப்பீடு கேட்க 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் ஒரு பட்டியல் வைத்தது. ஈயம், பாதரசம், பூச்சிமருந்து, பஞ்சுத் தூசி எல்லாம் அதில் உண்டு. சுமந்து சுமந்து தேய்ந்த முட்டிக்கு அதில் இடமில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில் மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் கோளாறுகள் இருக்கின்றன. நீண்ட காலம் மண்டியிட்டும் குத்துக்காலிட்டும் செய்த வேலையால் முழங்கால் ஜவ்வு கெடுவதும் அதில் ஒன்று. ஒருவர் தூக்கும் அதிகபட்சச் சுமை பற்றிய 1967-ஆம் ஆண்டு உடன்படிக்கையையும் இந்தியா 2010-இல் ஏற்றுக் கையெழுத்திட்டது. அதோடு வந்த பரிந்துரை, வளர்ந்த ஆணுக்கே 55 கிலோவுக்கு மேல் சுமை கூடாது என்கிறது, பெண்ணுக்கு அதைவிட நன்றாகக் குறைய வேண்டும் என்கிறது. டெல்லியில் ஒத்துக்கொண்ட அந்த வார்த்தை ஏற்காட்டு எடைமேடை வரை வந்து சேர வேண்டும்.

மாற்றுத்திறனாளி உதவி கேட்கலாமே என்றால், அதற்கு 40 சதவீத ஊனம் என்று சான்றிதழ் வேண்டும். கை கால் இருக்கிறது, நடக்கவும் நடக்கிறார். வலிக்குச் சதவீதம் யார் போடுவார்கள்? முதியோர் உதவித்தொகைக்கு 60 வயது ஆக வேண்டும். முட்டி 45-லேயே போய்விடுகிறது. இடைப்பட்ட அந்தப் பதினைந்து வருஷத்துக்கு யாரும் பொறுப்பு இல்லை.

என்ன செய்யலாம்?

நம்பிக்கை தருகிற விஷயங்களும் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு, வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட். வீட்டு வாசலுக்கே வந்து பயிற்சி சொல்லிக்கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது மலையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் 67 கிராமங்கள் சிதறிக் கிடக்கிற மலைக்கும் ஒருவர், சமவெளி வட்டாரத்துக்கும் ஒருவர் என்றால் கணக்கு ஒத்துவராது. மலை வட்டாரங்களுக்கு இன்னும் இரண்டு பேராவது வேண்டும்.

முட்டி முழுக்கத் தேய்ந்தவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று அறுவை செய்துகொள்ள வழி இருக்கிறது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்சவரம்பு விலை வைத்தது. அதிகம் பயன்படுகிற கோபால்ட் குரோமியம் வகை, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. இதனால் பல குடும்பங்கள் கடனிலிருந்து தப்பின. ஆனாலும் மாற்றிய மூட்டோடு குத்துக்காலிட்டு உட்காருவது கஷ்டம், சுமை தூக்கிச் சரிவில் இறங்கக் கூடாது. பழைய வேலைக்குத் திரும்ப வழியில்லை. ஆகவே முட்டி அந்த நிலைக்குப் போகாமல் பார்ப்பதுதான் மலைக்குக் கட்டுப்படியாகும்.

அதற்கு மருந்தைவிட உடற்பயிற்சிக்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது. டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இரண்டு வகுப்பில் நோயைப் பற்றி விளக்குகிறார்கள், பிறகு ஆறு வாரத்தில் 12 பயிற்சி வகுப்பு. தொடை, இடுப்புத் தசைகளை வலுவாக்குவதுதான் முக்கியம். பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. இதற்குப் பெரிய கட்டடமோ மெஷினோ தேவையில்லை. பஞ்சாயத்துச் சமுதாயக் கூடமும், சொல்லிக்கொடுக்கிற ஒருவரும், மகளிர் குழுவும் போதும். "நாள் பூரா காட்டுல வேலை செய்யறேன், எனக்கு எதுக்குங்க உடற்பயிற்சி?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வேலை ஒரே தசையையும் ஒரே மூட்டையும் திரும்பத் திரும்பத் தேய்க்கிறது, பயிற்சி மூட்டைத் தாங்குகிற தசையை வளர்க்கிறது என்று பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

எஸ்டேட் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூட்டையைச் சின்னதாக்குங்கள். எடை போடுகிற இடத்தைச் சரிவின் அடியில் ஒன்று, நடுவில் ஒன்று என்று பிரித்து வையுங்கள். களைக்கொத்துக்கு நீளக் காம்பு போட்டுக் கொடுங்கள். சுமைக்கு இறங்குகிற தடத்தில் படி வெட்டி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறாவது கட்டுங்கள். ஒருவரே நாள் முழுக்கச் சுமக்காமல், பறிப்பும் சுமையும் மாறி மாறி வரும்படி ஆளைப் பிரியுங்கள். பறிப்புக்கு ஆள் கிடைப்பதில்லை என்று எல்லாத் தோட்டத்திலும் புலம்பல் கேட்கிறது. கிடைக்கிற ஆட்களின் முட்டியைக் காப்பாற்றுவது உங்கள் தோட்டத்துக்கும் லாபம்.

டாக்டர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஓ.பி. சீட்டில் "முழங்கால் வலி" என்று எழுதும்போது பக்கத்தில் "காப்பிப் பறிப்பு, சுமை" என்றும் எழுதுங்கள். வேலையின் பெயர் சீட்டில் ஏறினால்தான், பத்து வருஷம் கழித்தாவது அந்தச் சீட்டுகளை எண்ணி யாராவது கேள்வி கேட்க முடியும். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் பிக்வானில் செய்தது போல இந்த 67 கிராமங்களிலும் வாசல் வாசலாகக் கேட்கலாம். எத்தனை நாள் கூலி போனது, எவ்வளவு மாத்திரைக்குப் போனது, யார் பள்ளிக்கூடத்தை விட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மலையில் பிறந்து இப்போது சேலத்திலும் கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். அம்மாவுக்கு வலிமாத்திரை வாங்கி அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். என்ன மாத்திரை, எத்தனை நாளாகப் போடுகிறார் என்று கேளுங்கள். சிறுநீரகத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வீட்டுக்குக் குழாய் இணைப்பும், உட்கார்ந்து எழ வசதியான கழிப்பறையும், வாசல்படிக்கு ஒரு கைப்பிடியும் போட்டுக் கொடுங்கள். ஒரு முறை செய்கிற அந்தச் செலவு, வருஷாவருஷம் வைத்தியத்துக்குப் போகிற காசை மிச்சம் பிடித்துத் தரும்.

வலியைப் பொறுத்துக்கொள்வதில் எங்கள் மலைப் பெண்களுக்கு இணை யாரும் இல்லை. அந்தப் பொறுமையை நம்பித்தான் இருநூறு வருஷமாகக் காப்பி இறங்கிக்கொண்டிருக்கிறது. அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதால் கணக்குத் தீர்ந்துவிடாது. அது கொடுக்க வேண்டிய பாக்கி, அதில் எஸ்டேட்டுக்கும் பங்குண்டு, அரசாங்கத்துக்கும் பங்குண்டு, காப்பி குடிக்கிற நமக்கும் பங்குண்டு. அடுத்த பறிப்பு தொடங்குவதற்குள் மூட்டையின் எடையைக் குறைக்க ஒரு எஸ்டேட், பயிற்சி வகுப்புக்குக் கூடத்தைத் திறந்துவிட ஒரு பஞ்சாயத்து. இந்த இரண்டும் முன்வந்தால் இந்த வருஷமே வேலையைத் தொடங்கிவிடலாம்.